லாரியை வீடாக்கப் போகிறீர்களா? வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் வாங்குங்கள்

பழைய லாரி ஒன்றை வாங்கி, பாடியை மாற்றிக் கட்டி, உள்ளே கட்டில், அடுப்பு மேடை, கழிப்பறை எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. ஆசையில் தப்பில்லை. ஆனால் வேலையை முடித்துவிட்டு ஆர்.சி. மாற்றப் போய் மாதக்கணக்கில் அலைந்தவர்களையும், கடைசியில் வண்டியை இரும்பு விலைக்குத் தள்ளியவர்களையும் பார்த்திருக்கிறேன். சட்டத்தை ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை அவர்கள். பட்டறைக்காரர் சொன்னதை நம்பினார்கள், புரோக்கர் சொன்னதை நம்பினார்கள். அலுவலகத்தில் கேட்டபோது யாரும் தெளிவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. இந்த விஷயத்தில் கேரள உயர் நீதிமன்றம் கொஞ்சம் தாராளமாகச் சொல்லியிருந்ததை 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். ஒரு லாரியை வீடாக்கினால் அது ஒரே ஒரு மாற்றமாக இருக்காது.

முதல் பொறி வண்டியின் வகையிலேயே இருக்கிறது. லாரி சரக்கு ஏற்றும் ‘என்’ வகை. உள்ளே குடியிருக்கும் கேரவன் ஆள் ஏறும் ‘எம்’ வகை. கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தனி விதிமுறை இருக்கிறது. உட்கார இருக்கையும் மேசையும், படுக்க இடம், சமைக்க வசதி, பொருள் வைக்க இடம் இவையெல்லாம் இருந்தால்தான் அது கேரவன். இவற்றை வைத்துவிட்டால் மட்டும் கேரவன் ஆகிவிடாது. அந்த வடிவமைப்புக்கு புனே ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசர் ஐகேட் போன்ற சோதனை நிறுவனம் ஒன்றின் ஒப்புதல் வேண்டும். தனி ஆள், ஒரே ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு இந்த ஒப்புதலை வாங்குவது நடைமுறையில் ரொம்பக் கஷ்டம். இதை ஆர்.டி.ஓ. அலுவலகக் கவுன்ட்டரில் முதல் நாளே சொன்னால் எத்தனையோ பேருடைய சேமிப்பு மிஞ்சியிருக்கும்.

பாடி கட்டும் தொழிலில் நம் நாமக்கல், திருச்செங்கோடு, கரூர்க்காரர்களின் கைத்திறமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கட்டித் தந்துவிடுவார்கள். கேள்வி அதுவல்ல. “பேப்பரெல்லாம் நாங்க பாத்துக்கறோங்க” என்று சொன்னால், எந்தப் பேப்பர் என்று கேளுங்கள். பஸ் பாடிக்கும் லாரி பாடிக்கும் வாங்கிய ஒப்புதல் கேரவனுக்குச் செல்லாது. கேரவனுக்கான ஒப்புதல் சான்றிதழ் இருக்கிறதா, அதில் உங்கள் சேஸிஸ் (பாடி உட்காரும் அடிச்சட்டம்) மாடலின் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். நகல் தரத் தயங்கினால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

சங்ககிரி பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர், ஓட்டிக்கொண்டிருந்த சொந்த லாரியையே இப்படி மாற்றினார். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோனார். பிரேக் இன்ஸ்பெக்டர் பின்கதவைத் திறந்து பார்த்தார். பிளைவுட் கட்டில், ஸ்டீல் தண்ணீர்த் தொட்டி, கிரானைட் பதித்த அடுப்பு மேடை.

“வேலையெல்லாம் சுத்தமா முடிச்சாச்சுங்க சார்.”

“அதுதாங்க பிரச்சினை. முடிச்சுட்டு வந்திருக்கீங்க.”

ஆர்.சி.யில் இருந்த வெற்று எடைக்கும் எடை மேடைச் சீட்டில் வந்த எடைக்கும் பொருந்தவில்லை. பாடி வகை பொருந்தவில்லை. எஃப்.சி. நின்றது. எஃப்.சி. இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது, ஓட்டாமல் வேறு அலுவலகத்துக்குக் காட்டவும் முடியாது. அதற்கப்புறம் அவர் போன ஒவ்வொரு மேசையிலும் இன்னொரு மேசையைக் காட்டினார்கள். எழுத்தில் மட்டும் யாரும் எதுவும் தரவில்லை.

புரோக்கர்கள் சொல்லும் ஒரு வசனம் உண்டு: “முதல்ல செஞ்சுடுங்க, 14 நாளுக்குள்ள தெரிவிச்சா போதும்.” 52-வது பிரிவில் 14 நாள் என்று இருப்பது உண்மை. அது மாற்றத்தைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டிய கெடு. கூடாத மாற்றத்தைக் கூடும் என்று ஆக்கிவிடாது.

அப்புறம், ஆர்.டி.ஓ. வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் பரிவாகன் இணையதளம். வாகனத்தில் மாற்றம் செய்வதற்கு ஒரு சேவை, வாகன வகையை மாற்றுவதற்கு இன்னொரு சேவை. பாடியை மாற்றுவது முதலாவதில் வரும், சரக்கு வண்டியைச் சொந்த உபயோக வண்டியாக்குவது இரண்டாவதில் வரும். உங்களுக்கு இரண்டும் தேவை. ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டுப் போனால், இன்னொன்றைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். வகைப் பட்டியலிலும் கேம்பர் வேன் (வீடு போல அமைத்த வண்டிக்கு அங்கே உள்ள பெயர்) இரண்டு இடத்தில் வரும். ‘பிரைவேட் யூஸ்’ என்று சேர்த்து எழுதியிருப்பதுதான் சொந்த உபயோகத்துக்கு. அது இல்லாததைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் மறுபடி வாடகை வண்டிக்காரர். பெர்மிட், வருடாந்திர எஃப்.சி. என்று பழைய கதைதான். போவதற்கு முன் பெர்மிட்டை ஒப்படைத்து, வரி பாக்கி, இ-செலான் பாக்கி எல்லாவற்றையும் தீர்த்துவிடுங்கள். வண்டி கடனில் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இப்போது சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. ஆர்.சி.யில் சரக்கு வண்டி என்று இருக்கும்வரை, பின்னால் நீங்கள் எவ்வளவு நல்ல சோபா போட்டாலும் அங்கே உட்கார்ந்து வரும் மனைவி மக்கள், சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவர்கள்தான். அப்படி வருகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் நஷ்டஈடு உரிமையாளர் தலையில் விழும்; இங்கே உரிமையாளர் என்றால் நீங்கள்தான். மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால் வண்டிக்கான கிளெய்மும் சிக்கலாகும். பாலிசி சரக்கு வண்டி என்றே ஓடட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும் அரசு லாரி, அரசு பஸ் என்று யாராவது ஆசை காட்டினால் வண்டியின் வயதைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு தானாகவே முடிந்துவிடுகிறது. போக்குவரத்துக் கழக பஸ்களும் இதில் அடக்கம். அவை உடைப்பதற்கு மட்டும்தான். எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஆர்.சி. வராது.

டிரைவிங் லைசென்ஸ் விஷயத்திலும் ஏமாறுகிறார்கள். 2024 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, கார் லைசென்ஸ் இருந்தால் எதையும் ஓட்டலாம் என்கிறார்கள். அந்தத் தீர்ப்பு மொத்த எடை 7,500 கிலோ வரைக்கும்தான். பெரிய லாரி அதைத் தாண்டிவிடும். ட்ரெய்லர் இழுக்கும் வண்டியாக இருந்தால் முன்வண்டிக்கு ஒரு ஆர்.சி., ட்ரெய்லருக்கு ஒரு ஆர்.சி., எல்லா விண்ணப்பமும் தனித்தனி. முதல் முறை செய்கிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கனவே கேம்பர் வேன் என்று பதிவான வண்டியை வாங்குவது, அல்லது புது சேஸிஸ் எடுத்து, அதற்கு ஒப்புதல் வைத்திருப்பவரிடம் பாடி கட்டுவது, இந்த இரண்டு வழிதான் நிம்மதி. செலவு அதிகம்தான். பழைய லாரியில் மிச்சம் பிடிக்கும் பணம் அலைச்சலிலேயே போய்விடும்.

இல்லை, என் லாரியைத்தான் மாற்றுவேன் என்றால், வெல்டிங் பற்றவைக்கும் முன்பே பாடியின் வரைபடம், பட்டறையின் ஒப்புதல் நகல், ஆர்.சி. நகல் மூன்றையும் வைத்து, இந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று ஆர்.டி.ஓ.வுக்கு மனு எழுதிக் கொடுங்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். “அப்புறம் வாங்க” என்ற பதிலை எங்கேயும் எடுத்துச் செல்ல முடியாது. எழுத்தில் மறுத்தால், அந்த உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் 57-வது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். பதிலே வரவில்லையென்றால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, என்ன முடிவு எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முத்திரை போட்ட அந்த மனுப் பிரதியை அதோடு இணைக்க மறக்காதீர்கள்.

ஏற்கனவே வெட்டிவிட்டவர்கள், எஃப்.சி. தேதி வரும்வரை காத்திருக்காமல் பழைய பாடிக்கு மாற்ற என்ன செலவாகும் என்று இப்போதே விலை கேட்டு வையுங்கள். அதுவரை பின்பக்கத்தில் யாரையும் ஏற்றாதீர்கள்.