"என்ன மேஜர்?"

கடந்த மே மாதம் நாமக்கல்லிலிருந்து ஒரு தந்தையும் மகளும் வந்திருந்தார்கள். லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு தரும் ஒரு பல்கலைக்கழகத்தின் வழவழப்பான கையேட்டை மேசைமேல் வைத்து, "மூன்று முறை படித்துவிட்டேன் சார். மரம் இருக்கிறது, புல்தரை இருக்கிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான்கு வருடம் எங்கள் பாப்பா என்ன படிப்பாள் என்பது மட்டும் பிடிபடவில்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆர்ட்ஸ் என்றால் ஓவியம், நாட்டியம் மாதிரியா?" என்று கேட்டார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உயர்கல்வி ஆலோசகராக இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் கேட்கிறேன். கேட்பவரை நான் குறை சொல்லமாட்டேன். லிபரல் ஆர்ட்ஸ் என்ற பெயரே குழப்பம் பிடித்தது. அதில் உள்ள 'ஆர்ட்ஸ்' நம் ஊர் ஆர்ட்ஸ் காலேஜில் உள்ள ஆர்ட்ஸ் அல்ல; 'லிபரல்' கட்சி அரசியலும் அல்ல. சுதந்திர மனிதனுக்கு உரிய கல்வி என்ற பொருளில் லத்தீனிலிருந்து வந்த பெயர். இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என ஏழு பாடங்கள் இதில் அடக்கம். ஏழில் குறைந்தது மூன்று கணக்கோடு நேரடி உறவுள்ளவை என்று சொன்னபோது அந்தத் தந்தையின் முகம் சற்றுத் தெளிந்தது.

இன்றைய வடிவம் இதுதான்: இயற்பியலும் வரலாறும், பொருளாதாரமும் உளவியலும் ஒரே கூரையின்கீழ் இருக்கும். சேரும்போதே ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓரிரண்டு பருவம் பலதையும் படித்துப் பார்த்துவிட்டு மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, தேர்ந்துகொள்ளலாம். சோனிபட்டில் 2014இல் தொடங்கிய அசோகா, புனேயில் ஃப்ளேம், பெங்களூருவில் அசீம் பிரேம்ஜி, சென்னையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீசிட்டியில் உள்ள கிரியா ஆகியவை நம் மாணவர்கள் அதிகம் விசாரிக்கும் பல்கலைக்கழகங்கள்.

நம் கலைக் கல்லூரிகளில் கதை வேறு. விண்ணப்பப் படிவத்திலேயே மேஜர் முடிவாகிவிடுகிறது. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் மேஜரும் அதற்குத் துணையான அலைடு பாடமும், நான்காம் பகுதியில் ஒப்புக்கு ஒன்றிரண்டு வேற்றுத்துறைத் தாள்கள். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்காருபவர்கூட "என்ன மேஜர்?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு ஓரிரண்டு பருவம் பதில் சொல்ல முடியாத ஒரு படிப்பை நம் குடும்பங்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

ஆனால் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் சந்தேகப்படுவதில்லை. அவர்களின் சிக்கல் வேறு. "பையனுக்கு எதில் ஆர்வம் என்று அவனுக்கே தெரியவில்லை. அதனால் இதில் சேர்த்துவிடலாம் என்று பார்க்கிறோம்" என்பார்கள். இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு ஆசைகள் உள்ள பிள்ளைக்கு ஏற்ற படிப்பு இது. ஒரு ஆசையும் இல்லாத பிள்ளைக்கு இதைவிட ஆபத்தான இடம் கிடையாது. வழக்கமான பி.காம். வகுப்பில் அவனை யாராவது இழுத்துக்கொண்டாவது போவார்கள். இங்கே ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எதைப் படிப்பது என்று அவனேதான் முடிவெடுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவனைச் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஐந்தாம் பருவம். பொருளாதாரத்தில் எம்.ஏ. படிக்க வேண்டும் என்றான். மதிப்பெண் பட்டியலைப் பிரித்து வைத்துப் பென்சிலோடு உட்கார்ந்தோம். பாடக் குறியீட்டில் நூற்றுச் சொச்சம் என்றிருந்தால் அது அறிமுகத் தாள்; இருநூறு, முந்நூறு என்று ஏற ஏற ஆழம் கூடும். உளவியல் அறிமுகம், சினிமா அறிமுகம், சூழலியல் அறிமுகம், மானுடவியல் அறிமுகம். ஒவ்வொரு அறிமுகத்துக்கும் ஒரு வட்டம் போட்டேன். இருபது தாள்களில் பதின்மூன்று வட்டங்கள். பொருளாதாரத்தில் இரண்டு தாள்கள் மட்டும் இரண்டாம் படியைத் தொட்டிருந்தன. பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் பொருளியல் அளவியல் இல்லை, கணிதம் இல்லை. மதிப்பெண்களோ எல்லாம் 'ஏ'. அவன் வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாமே நன்றாக இருந்தது சார்" என்றான். பொய் சொல்லவில்லை. பதின்மூன்று வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டு வந்திருக்கிறான், ஒரு வீட்டுக்குள்ளும் போகவில்லை. அகல உழுவதை ஆழ உழு என்று அவன் தாத்தா சொல்லியிருப்பார்; அவனுடைய பாட வழிகாட்டி சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

விதிகள் உண்மையில் இந்த அளவு தளர்வானவை அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு), நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160. இதில் மேஜருக்குக் குறைந்தது 60, நான்காண்டு என்றால் 80. அதாவது சரிபாதி. இரண்டாவது பாடமான மைனருக்கு 24 அல்லது 32. முற்றிலும் வேறு துறைகளைத் தொட்டுப் பார்க்க ஒதுக்கியிருப்பது வெறும் 9 கிரெடிட். பல்துறை என்ற பெயரைக் கேட்டு முழுச் சாப்பாடும் கூட்டு, பொரியலாகவே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இலையில் பாதி சோறுதான். நான்காண்டு முடித்து 75 சதவீத மதிப்பெண் இருந்தால், முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்பது பெற்றோருக்கு அதிகம் தெரியாத வசதி.

இனி, எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு விஷயம். பட்டச் சான்றிதழில் என்ன அச்சாகும்? 'பி.ஏ. பொருளாதாரம்' என்றா, 'பி.ஏ. லிபரல் ஆர்ட்ஸ்' என்றா? குடிமைப் பணித் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும்; கவலை இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை அப்படியல்ல. பட்டத்தின் பாடம் கேட்ட பாடத்தோடு பொருந்த வேண்டும். பெயர் மாறியிருந்தால் அது இணையான பட்டம் என்று அரசாணை இருக்கிறதா என்று தேடுவார்கள். வரலாற்றை ஆசை ஆசையாகப் படித்த ஒரு பெண், பி.எட். சேரப் போனபோது சான்றிதழில் வரலாறு என்ற சொல்லே இல்லாமல் மாதக்கணக்கில் அலைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இன்னொன்றும் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பட்டத் தகுதியுள்ள பதவிக்கு, பள்ளியிலிருந்து பட்டம்வரை தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். இந்தப் படிப்புகளோ ஆங்கிலவழி. பன்னிரண்டு ஆண்டு தமிழ்வழியில் படித்து, குரூப் ஒன்று கனவோடு இருக்கும் பிள்ளை எதை விட்டுக்கொடுக்கிறாள் என்று தெரிந்தே விட்டுக்கொடுக்கட்டும்.

கட்டணம் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தனியாரில் ஆண்டுக்குப் பல லட்சம். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தரும் இடங்களும் இருக்கின்றன. அசோகாவும் அசீம் பிரேம்ஜியும் அப்படித் தருகின்றன. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். புதிதாகத் தொடங்கிய படிப்பு என்றால் எத்தனை மாணவர் அணி (பேட்ச்) படித்து முடித்து வெளியே வந்திருக்கிறது என்றும் கேளுங்கள். சிங்கப்பூரில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியான யேல்-என்யூஎஸ் 2013இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது, உலகமே பாராட்டியது. 2021இல் மூடப்போவதாக அறிவித்தார்கள், 2025இல் கடைசி அணி வெளியேறியது. படித்தவர்களுக்கு நல்ல படிப்புதான் கிடைத்தது. ஆனால் தாய்க் கல்லூரி இன்று இல்லை.

இவ்வளவும் சொன்னதால் நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். உயிரியல் குரூப்பில் படித்துவிட்டுக் கீழடிமேல் பைத்தியமாக இருந்த ஒரு மாணவியை நானே இந்தப் பக்கம் அனுப்பினேன். கீழடியில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் கார்பன் கணக்குப் போட்டுத்தான் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று 2019இல் சொன்னார்கள். எலும்பைப் பார்க்க விலங்கியல் வேண்டும், பானை ஓட்டில் கீறிய எழுத்தைப் படிக்க மொழி வேண்டும். இரண்டையும் ஒரே பட்டத்தில் படிக்க நம் பக்கத்துக் கல்லூரிகளில் அவளுக்கு வழி இல்லை. அங்கே உயிரியல் மேஜர், வரலாறு மைனர். முதல் பருவத்தில் வாரந்தோறும் குவிந்த ஆங்கிலக் கட்டுரைகளைப் பார்த்து அழுதுகொண்டே போன் செய்தாள். இப்போது பழைய விதைகளைப் பற்றி நான் கேட்காமலே அரை மணி நேரம் பேசுகிறாள்.

நாமக்கல் தந்தையிடம் மூன்று தாள்களை வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன்: சென்ற ஆண்டு பட்டம் பெற்ற ஒருவரின் சான்றிதழ் நகல், அவருடைய மதிப்பெண் பட்டியல், மேஜர் அறிவிக்க வேண்டிய கடைசித் தேதி உள்ள விதிமுறை. பெயரை மறைத்துத் தந்தால் போதும். இரண்டு வாரம் கழித்து, அந்த வளாகத்திலிருந்தே அழைத்தார்.

"சார், பட்டியல் கிடைத்துவிட்டது. தேதியும் சொல்லிவிட்டார்கள். சான்றிதழ் மாதிரி கேட்டேன், இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்கிறார்கள். உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கிறேன்."

"பாப்பா எங்கே?"

"நூலகத்துக்குள் போனாள். ஒரு மணி நேரம் ஆகிறது, வெளியே வரவில்லை."