கீறலுக்குப் பொலிஷ் வாங்கும் முன் நகத்தால் தடவிப் பாருங்கள்

கறுப்புக் கார் ஒன்றின் பொனட்டை வெயிலில் கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் வட்டம் வட்டமாக நூல் நூலாய்க் கீறல்கள் தெரியும். அதைக் கண்டதும் கடைக்குப் போய், "இருக்கிறதிலயே நல்லா வெட்டுற கொம்பவுண்ட் ஒண்டு தாங்க அண்ணா" என்று கேட்கிறார்கள். கொம்பவுண்ட் என்பது பெயின்ட்டை வேகமாகத் தேய்த்தெடுக்கும் கடுமையான பொலிஷ்; அந்தத் தேய்ப்பைத்தான் 'வெட்டு' என்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத படை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது 35 முதல் 50 மைக்ரோன்தான், தலைமுடியின் தடிப்புக்கூட வராது. வட்டக் கீறல் விழுவது அந்தப் படையில். நல்ல பொலிஷ் கீறலை மூடுவதில்லை, கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள படையைத் தேய்த்து இறக்குகிறது. தேய்ந்தது திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அதே படைதான் என்பதால், திருகோணமலைக் கடற்கரையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நாள் முழுக்க வெட்டையில் நிற்கும் வண்டியில் அதை வீணாகத் தேய்த்துவிட்டால் கூரையும் பொனட்டும்தான் முதலில் வெளிறும், அப்புறம் உரியும்.

ஆகவே முதலில் கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் தடக்கினால் அது பொலிஷில் முழுதாகப் போகாது, விட்டுவிடுங்கள். தடக்கவில்லையா, சரி. வண்டியைக் கழுவி, கார்களுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) ஒட்டியிருக்கும் அழுக்கை எடுத்துவிட்டு, ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டும் மிக மெல்லிய பொலிஷையும் மென்மையான ஃபோம் பேடையும் வைத்துச் சோதியுங்கள். போகவில்லை என்றால் உடனே போத்தலை மாற்ற வேண்டாம், பேடை ஒரு படி கடினமாக்கிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் அடுத்த பொலிஷ். மென்செர்னா என்ற பிராண்ட் பொலிஷில் இலக்கம் கூடக் கூட மென்மை: 400 நன்றாக வெட்டும், 3800 கடைசி மினுக்கத்துக்கு. மெகுவையர்ஸ் என்ற பிராண்டில் 105 வெட்டுவது, 205 மெல்லியது. நம் ஊரில் அதிகம் ஓடும் ஜப்பான் கார்கள் பலவற்றின் பெயின்ட் மென்மையானது; அதில் கம்பளிப் பேடும் கடும் கொம்பவுண்டும் போட்டால் கீறல் போய், அந்த இடத்தில் புகை படிந்தாற்போல ஒரு மங்கல் வந்து நிற்கும், அதை எடுக்க இன்னொரு தடவை தேய்க்க வேண்டும்.

சில பொலிஷ்களில் எண்ணெயும், கீறலை அடைத்து மறைக்கும் நிரப்பியும் கலந்திருக்கும். தேய்த்த அன்று கண்ணாடியாய் மின்னும், நாலு தடவை கழுவியதும் பழைய கீறல் அப்படியே எழுந்து வரும். தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள், உண்மை உடனே தெரிந்துவிடும். வேலை செய்து கொடுப்பவரிடமும் இப்படித் துடைத்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தகடு சுட்டால் பொலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் காலையில், நிழலில் செய்யுங்கள். விளிம்புகளில் பெயின்ட் மெல்லிதாக இருக்கும், அங்கே டேப் ஒட்டிவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, கச்சான் காற்று வீசும் நாட்களில் மணலும் உப்பும் படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் தட்டித் துடைத்தால் அந்த வட்டங்கள் அன்றைக்கே திரும்பிவிடும். முதலில் தண்ணீரைப் பாய்ச்சி மணலை இறக்குங்கள், ஷாம்பூவுக்கு ஒரு வாளி, கையுறையை அலச இன்னொரு வாளி வையுங்கள், துணி நிலத்தில் விழுந்தால் அதை மறுபடி வண்டியில் வைக்காதீர்கள்.