ஒரே செடி, இரண்டு ஒவ்வாமை

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மானாவாரி நிலம் தரிசாகக் கிடந்து ஒரு மழையும் பெய்துவிட்டால் போதும், பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து வெள்ளையாகப் பூத்து நிற்கும். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில் புனே பகுதியில் கண்டறியப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. அதைப் பிடுங்கியவர்களில் ஒருவருக்கு அடுக்குத் தும்மல். இன்னொருவருக்குக் கண்ணிமையும் கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து அரித்து, நாளடைவில் தோல் தடித்துக் கறுத்துப்போகிறது. இருவரும் மருந்துக்கடையில் "அலர்ஜி" என்று சொல்லி ஒரே மாத்திரையை வாங்கிப் போகிறார்கள்.

தும்மலுக்குக் காரணம் மகரந்தம். அதைப் பகை என்று தவறாகக் குறித்துக்கொண்ட உடல், ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அது மூக்கின் உட்சவ்விலுள்ள மாஸ்ட் செல்களில் ஒட்டிக் காத்திருக்கும். மறுபடி மகரந்தம் பட்டதும் அந்தச் செல்கள் தும்மலையும் அரிப்பையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்ட, சில நிமிடங்களில் மூக்கு ஒழுகத் தொடங்கும். தோல் அரிப்புக்குக் காரணம் செடியின் நுண்மயிர்களில் உள்ள பார்த்தீனின் என்ற வேதிப்பொருள். அதை எதிர்ப்பவை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். அவை மெதுவாகத்தான் திரளும். அரிப்பு ஓரிரு நாள் கழித்து வருவதால், முந்தாநாள் களையெடுத்ததை மறந்துவிட்டு நேற்றுச் சாப்பிட்ட கத்தரிக்காயின் மேல் பழியைப் போடுகிறோம்.

ஆகவே பரிசோதனையும் வேறு வேறு. தும்மலுக்குக் குத்திப் பார்க்கும் சோதனை. முன்கையில் மகரந்தச் சாறு ஒரு சொட்டு, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் உப்புநீர் ஒரு சொட்டு, ஹிஸ்டமின் ஒரு சொட்டு. ஒவ்வொன்றின் வழியாகவும் தோலில் லேசாக ஒரு குத்து. 15 முதல் 20 நிமிடத்தில், மகரந்தச் சாறு பட்ட இடம் உப்புநீர் இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் உடல் அதை அடையாளம் வைத்திருக்கிறது என்று பொருள். செட்டிரிசின் போன்ற, ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகளைச் சுமார் ஒரு வாரம் முன்பே மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும். தோலுக்கு ஒட்டுச் சோதனை: செடியின் சாற்றை வைத்து முதுகில் ஒட்டிய பட்டையை 48 மணி நேரம் நனையாமல் வைத்திருந்து பிரித்துப் பார்ப்பார்கள், அடுத்த ஓரிரு நாளில் மீண்டும் பார்ப்பார்கள்.

ஒரே குழாய் ரத்தத்தில் நூறு பொருளுக்குப் பார்க்கும் ஐஜிஇ சோதனையை மட்டும் நம்பி உணவை ஒதுக்குவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. சாப்பிட்டு எந்தத் தொல்லையும் வராத பொருளுக்கு அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்றிருந்தால் அது நோயாகாது. வளரும் பிள்ளைக்கு அதற்காக முட்டையை நிறுத்துவது கொடுமை. தோல் அரிப்பின் காரணத்தையோ அந்தச் சோதனை காட்டவே காட்டாது.

தும்மலுக்கு மாத்திரையும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயும் பெரும்பாலும் போதும். அடங்காவிட்டால், ஒவ்வாத பொருளையே சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுக்கும் சிகிச்சை உண்டு. லண்டனில் லெனார்டு நூன் 1911-இல் புல் மகரந்தத்துக்கு இதை வெளியிட்டார். சுமார் 3 ஆண்டுகள் தொடர வேண்டும். ஊசியாகப் போடுவதென்றால், கடும் ஒவ்வாமை வந்தால் உயிர்காக்கும் அட்ரினலின் மருந்து கையிருப்பில் உள்ள இடத்தில்தான் போட வேண்டும். தோலுக்கு ஸ்டீராய்டு களிம்பு. முற்றியவர்களுக்கு, அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டு, உடலின் எதிர்ப்பை அடக்கும் அசதியோபிரின் மாத்திரை கொடுப்பார்கள்.

காய்ந்த செடியின் தூளிலும் பார்த்தீனின் இருக்கும். அதனால் பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு வேரோடு பிடுங்குங்கள். தோல் ஒவ்வாமை ஏற்கெனவே உள்ளவர் அந்த வேலைக்குப் போகவே வேண்டாம். களையெடுத்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள்.