இ.வி மெக்கானிக் ஆகணுமா? பீஸ் கட்டாம படிக்க அரசு ஐடிஐ இருக்கு

எலக்ட்ரிக் வண்டி வேலை கத்துக்கணும்னு பையனோ பொண்ணோ சொன்ன உடனே வீட்ல தேடுறது ஏதாவது ஒரு பிரைவேட் இன்ஸ்டிடியூட்டைத்தான், அவங்களும் பீஸை வாங்கிட்டு கொஞ்ச நாள் கிளாஸ் எடுத்து பளபளன்னு ஒரு சர்டிபிகேட் குடுத்து அனுப்பிடுவாங்க. அங்க பணத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிற அரசு ஐடிஐல (தொழிற்பயிற்சி நிலையம்) ஒரு எட்டு போய் கேட்டுப் பாருங்க.

2022ல தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜீஸோட ஒப்பந்தம் போட்டு 71 அரசு ஐடிஐகளை 'தொழில் 4.0' (கம்ப்யூட்டர், ரோபோ வெச்சு நடக்குற புதுத் தொழில்நுட்பம்) மையங்களா மாத்துற வேலைய ஆரம்பிச்சது, மொத்த செலவு சுமார் 2877 கோடி ரூபா. இதுல வந்த புது டிரேடுல (தொழிற்பிரிவு) ஒண்ணுதான் மெக்கானிக் எலக்ட்ரிக் வெஹிகிள். ரெண்டு வருஷம், பத்தாவது பாஸ் ஆகியிருக்கணும். எல்லா ஐடிஐலயும் இது இருக்காது, அதனால அப்ளிகேஷன் போடும்போது டிரேடு பேரை நல்லா படிச்சுப் பாருங்க, மெக்கானிக் மோட்டார் வெஹிகிள்னு ஒண்ணு பக்கத்துலயே இருக்கும், அது பெட்ரோல் டீசல் வண்டி படிப்பு.

பணம்னு பார்த்தா அரசு ஐடிஐல டியூஷன் பீஸ் கிடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை, புக்கு, யூனிபார்ம், ஷூ, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் இலவசம். ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியிலயே படிச்ச பிள்ளைங்களா இருந்தா பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண், பசங்களுக்கு தமிழ்ப்புதல்வன்னு மாசம் 1000 ரூபா தனியா வரும் (அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு). ஆக மாசம் 1750. பெருசா ஒண்ணும் இல்லதான், ஆனா பீஸ் கட்டிப் படிக்கிறதுக்கும் கைல காசு வாங்கிப் படிக்கிறதுக்கும் எவ்ளோ வித்தியாசம் பாருங்க.

ரெண்டு வருஷம் எதுக்கு, மூணு மாசம் போதாதான்னு கேப்பாங்க. ஸ்கூட்டர் பேட்டரி பெரும்பாலும் 48, 72 வோல்ட்னு நிக்கும், காருக்குப் போனா 300 வோல்ட்டைத் தாண்டும், அது ஆளைக் கொல்லுற கரண்ட். ஆரஞ்சு கலர் ஒயரைப் பாத்தாலே அது ஹை வோல்டேஜ் லைன். வண்டியை ஆப் பண்ணி, கையில இன்சுலேட்டட் கிளவுஸ் போட்டு, பேட்டரி லைனைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கைக் கழட்டி, பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்துற இன்வெர்ட்டர் உள்ள இருக்கிற கெபாசிட்டர்ல தங்கின சார்ஜ் இறங்குற வரைக்கும் சில நிமிஷம் சும்மா நின்னு, அப்புறம் மீட்டர் வெச்சு ஜீரோ காட்டுதான்னு பார்த்துட்டுதான் உள்ள கையே வைக்கணும். இந்தப் பொறுமை வீடியோ பார்த்து வராது, பக்கத்துல ஒருத்தர் நின்னு திட்டித் திட்டித்தான் வரும்.

முடிச்சா கிடைக்கிறது இந்தியா பூரா செல்லுபடியாகிற தேசிய தொழிற்சான்றிதழ். அதுக்கப்புறம் அப்ரண்டிஸா (கம்பெனில சம்பளத்தோட வேலை பழகுறது) போகலாம், கம்பெனி தர்ற ஸ்டைபெண்டுல 25 சதவீதம், அதிகபட்சம் 1500 ரூபா மத்திய அரசு பங்கு. ஓசூர்ல ஏத்தர், போச்சம்பள்ளில ஓலான்னு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேக்டரி நம்ம பக்கமே இருக்கு. படிப்பை விட மனசில்லைன்னா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் டிப்ளமோ சேரலாம், அங்கேருந்து இன்ஜினியரிங். ஐஐடி மெட்ராஸ் 2021லயே எலக்ட்ரிக் வண்டிக்குன்னு டூயல் டிகிரி (இளநிலை, முதுநிலை ரெண்டும் சேர்ந்த படிப்பு) ஆரம்பிச்சிடுச்சு, ஏத்தரும் அந்த கேம்பஸ்ல முளைச்ச கம்பெனிதான், ஆனா லேப்ல டிசைன் பண்ற பேட்டரியை ரோட்ல பிரிச்சு சரி பண்ண ஆள் வேணுமே, அந்த ஆளுக்குத்தான் இந்த டிரேடு.

பத்தாவது ரிசல்ட் வந்த கையோட ஆன்லைன்ல அப்ளிகேஷன் ஆரம்பிச்சிடும், கவுன்சிலிங் முடிஞ்சும் சீட் மிச்சம் இருந்தா நேரடி சேர்க்கை நடக்கும். மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் ரெடியா வெச்சுக்கோங்க, பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் லிங்க் ஆயிருக்கான்னு முன்னாடியே பார்த்துடுங்க, உதவித்தொகை பாதிப் பேருக்கு லேட் ஆகுறது அதுலதான்.