ஸ்டோன் ஃபிரிகேட்: கரைக்கலம்

கனடாவின் வின்னிபெக்கிலிருந்து உப்புநீரைப் பார்க்க, வடக்கே சர்ச்சில் துறைமுகம் வரை ஏறத்தாழ 1,000 கி.மீ. போக வேண்டும். ஆனாலும் ஊருக்குள் ஒரு கடற்படைக் கப்பல் உண்டு: எச்.எம்.சி.எஸ். சிப்பாவா (கனடியக் கடற்படைக் கப்பல்களின் பெயருக்கு முன் வரும் எழுத்துகள் எச்.எம்.சி.எஸ்.). பார்த்தால் கட்டடம்தான். இப்படித் தரையில் நிற்கும் 'கப்பலுக்கு' மாலுமிகள் வைத்த கேலிப்பெயர் 'ஸ்டோன் ஃபிரிகேட்'. ஸ்டோன் என்றால் கல். ஃபிரிகேட் ஒருவகைப் போர்க்கப்பல்.

இந்த வழக்கத்துக்கு முன்னோடி ஒரு பாறை. 1804-இல் கரீபியன் கடலின் மார்ட்டினிக் தீவருகே உள்ள டயமண்ட் ராக் உச்சிக்குப் பிரிட்டிஷார் வடம் கட்டிப் பீரங்கிகளை ஏற்றி, பாறையையே கப்பலாகப் பதிந்துகொண்டார்கள். 1805 ஜூனில் அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது.

பிறகு சட்டமும் சேர்ந்துகொண்டது. பிரிட்டனின் 1866 கடற்படை ஒழுங்குச் சட்டம் ஏதாவது ஒரு போர்க்கப்பலின் பேரேட்டில் பெயர் உள்ளவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. கரையில் பயிற்சி பெறுபவனைத் தண்டிக்க வேண்டுமே! ஒரு சின்னப் படகுக்குத் தளத்தின் பெயரைச் சூட்டி, எல்லாரையும் அதன் பேரேட்டில் எழுதிவிட்டார்கள்.

வின்னிபெக்கில் 1923-இல் தன்னார்வச் சேமப்படையின் (ரிசர்வ்: தேவைப்படும்போது அழைக்கப்படும் படை) அரைக் கம்பெனி என்ற சிறு பிரிவு தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் நடுவே, 1941 நவம்பர் 1 அன்று, அது சிப்பாவா என்ற கப்பலாகப் பணியேற்றது. கால்கரியின் டெகும்சேவும் எட்மன்டனின் நான்சச்சும் இதே கதைதான். உள்ளே போனால் தரை 'டெக்', சுவர் 'பல்க்ஹெட்', சமையலறை 'கேலி' (galley). வேலை முடிந்து தெருவில் இறங்கினாலும் 'கரைக்குப் போகிறேன்' என்பார்கள்.

ஸ்டோன் ஃபிரிகேட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கல் போர்க்கப்பல்' என்றால் கல் ஏற்றிய கப்பலாகப் படும். 'கற்கலம்' கற்சட்டியை நினைவூட்டும். 'தரைக்கலம்' என்றால் நிலவில் உருளும் ஊர்தி என்று நினைப்பார்கள். 'கரைக்கலம்' பொருந்துகிறது, கடலோடிக்குக் கடலல்லாத இடமெல்லாம் கரைதான். கூடவே, 'ரிசர்வ்' என்பதை 'ஒதுக்கீடு' ஆக்கிவிட வேண்டாம். இங்கே அது சேமப்படை.

நமக்கும் இது புதிதல்ல. கோவையின் ஐ.என்.எஸ். அக்ரணி, அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி இரண்டும் கரைக்கலங்களே. ஐ.என்.எஸ். என்பதை விரித்து 'இந்தியக் கடற்படைக் கப்பல் அக்ரணி' என்று எழுதினால், கோவையில் கடல் எங்கே என்று வாசகர் கேட்பார். 'அக்ரணி கரைக்கலம், கோவை' என்று எழுதுங்கள்.