வயிற்றில் ஒரு தையல், கர்ப்பப்பையில் இன்னொன்று

சிசேரியன் முடிந்து வீடு திரும்பும் தாய்மார்கள் வயிற்றுத் தையலைத்தான் கவனிக்கிறார்கள். அது ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். கர்ப்பப்பையில் விழுந்த தழும்போ அடுத்த கர்ப்பத்தில்தான் தன் வேலையைக் காட்டும்.

குழந்தை குறுக்கே கிடந்தாலோ, தொப்புள்கொடி முன்னால் இறங்கிவிட்டாலோ சிசேரியன்தான் உயிரைக் காக்கும். அதில் தயங்கவே கூடாது. வலிக்குப் பயந்து கேட்டு வாங்குவதுதான் கவலை தருகிறது.

கர்ப்பப்பைத் தசைக்கும் நஞ்சுக்கொடிக்கும் நடுவே உட்சவ்வு இருப்பதால்தான், குழந்தை பிறந்ததும் நஞ்சு தானாகக் கழன்று வருகிறது. தழும்பு உள்ள இடத்தில் அந்தச் சவ்வு சரியாக வளராது. அடுத்த முறை நஞ்சு அங்கே ஒட்டினால் தசைக்குள் வேர்விடும், சிலருக்குச் சிறுநீர்ப்பை வரை போகும். பிய்த்தெடுக்கப் பார்த்தால் சில நிமிடங்களில் லிட்டர் கணக்கில் ரத்தம் கொட்டும். கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். 2006-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நஞ்சு கீழிறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருந்த பெண்களில் இப்படி வேர்விட்டிருந்தது முதல் சிசேரியனின்போது 3 சதவீதம் பேருக்கு. இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40. ஆகவே முன்பு சிசேரியன் ஆனவர்கள் 20-வது வார ஸ்கேனில், "நஞ்சு தழும்பு மேல் இருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இருக்கிறது என்றால், ரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே மாறிவிடுங்கள்.

குழந்தைக்கு வருவது மூச்சுப் பிரச்சினை. வயிற்றுக்குள் இருக்கும்வரை அதன் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். பிரசவ வலியின்போது சுரக்கும் ஹார்மோன்கள் அந்த நீரை உறிஞ்சச் செய்யும். வலி வருவதற்கு முன்பே வெளியே எடுத்தால் நீர் தங்கிப்போய், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கும், முனகலும் கேட்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்றாலும், அதுவரை தாயைப் பிரிந்து தனி வார்டில் இருக்க வேண்டும், தாய்ப்பாலும் தள்ளிப்போகும். 37-வது வாரத்தில் எடுத்தால் இது அதிகம், 39-ல் வெகுவாகக் குறைகிறது. அவசரக் காரணம் இல்லையென்றால் 39 வாரம் நிறையும்வரை பொறுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சல், தையலில் சீழ், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் போக்கு, இவற்றுக்கும் அப்படியே.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். கர்ப்பப்பையில் கீழே குறுக்காக வெட்டினார்களா, மேலே நெடுக்காகவா என்பது அதில் இருக்க வேண்டும். குறுக்கு வெட்டு என்றால் அடுத்தது சுகப்பிரசவத்துக்கு முயலலாம். தழும்பு பிரியும் ஆபத்து சுமார் 200-ல் ஒருவருக்குத்தான். நெடுக்கு வெட்டு என்றால் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது.