சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே, வெண்ணிற ரிப்பன் மாளிகையை அடுத்துச் செந்நிறமாக நிற்கும் விக்டோரியா பொது அரங்கம், விக்டோரியா மகாராணி அரியணை ஏறிய 50ஆம் ஆண்டின் நினைவாக எழுப்பப்பட்டது. ராபர்ட் சிஷோம் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டினார்; 1897இல் விவேகானந்தர் உரையாற்றியதும் இங்கேதான். சதுரக் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் சரிவுக் கூரை, அதே சிஷோம் திருவனந்தபுரத்தில் அமைத்த நேப்பியர் அருங்காட்சியகத்தின் கேரளப் பாணிக் கூரைகளை நினைவூட்டும்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளனான நான் அங்கே போகும்போதெல்லாம் முதலில் பார்ப்பது செங்கல் வரிகளுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்தைத்தான். அக்காலச் செங்கல் இன்றைய செங்கலைவிட மென்மையானது. சாந்தோ அதைவிடவும் மென்மையானது. தரையிலிருந்து ஏறும் ஓதமும் மழையில் ஊறிய ஈரமும் அந்தச் சாந்தின் வழியாகவே வெளியேறி உலர்கின்றன. ஈரத்தோடு வரும் உப்பும் சாந்தில் பூத்து உதிர்வதால் செங்கல் பிழைத்துக்கொள்கிறது. உதிர்ந்த சாந்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

இதே காலத்தைச் சேர்ந்த வேறொரு பொதுக் கட்டடத்தில், அடிச்சுவர் முழுவதும் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பார்வைக்குப் பளிச்சென்று இருந்த அந்தப் பூச்சை விரல் முட்டியால் தட்டியதும் உள்ளே பொள்ளலாக ஒலித்தது. கொத்தனார் ஒரு பாளத்தைப் பெயர்த்தெடுத்தபோது, அதன் பின்பக்கத்தில் செங்கல்லின் முகப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. சுவரில் எஞ்சியிருந்ததைக் கட்டைவிரலால் தேய்த்தால் செம்பொடியாகக் கொட்டியது. வெளியேற வழியின்றித் தேங்கிய ஈரம் உப்பைச் செங்கல்லுக்குள்ளேயே படிகமாக்கி அதை உள்ளிருந்து உடைத்திருந்தது. நல்லெண்ணத்தோடு செய்த வேலை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

நினைவுக் கட்டடம், கோயில் மதில், பாட்டன் கட்டிய வீடு எதுவாயினும், பூசத் தொடங்குமுன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அடைபட்ட மழைநீர்க் குழாயோ, கைப்பிடிச் சுவரில் வேர்விட்ட அரசங்கன்றோதான் காரணமாக இருக்கும். கன்றைப் பிடித்து இழுத்தால் செங்கல்லும் கூடவே வந்துவிடும் என்பதால், வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்த பிறகே எடுக்க வேண்டும். அதன்பின் சுவரை நன்றாக உலரவிட்டு, நீற்றிப் பல நாள் ஊறவைத்த சுண்ணாம்பை மணலோடு அரைத்துப் பூசச் சொல்லுங்கள். அது இறுகுவதற்கு நாளாகும். அதுவரை ஈரச்சாக்கு போட்டுக் காக்க வேண்டும்.